தொப்பிராஜா டப்பி

ஆகஸ்ட் 16, வெள்ளி

கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்றோடு முடிந்தது. இனி எழுதலாம், படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரை எடுத்த மறுநாளே வீடு திரும்ப வேண்டியவள், கண்ணில் சீழ் பிடித்துக்கொண்டதால் மதுரை ஆஸ்பத்திரியிலேயே நாள் கணக்காகக் கிடந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. சாம்பாரில் உப்பு கிடையாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. இந்தச் சுவர் இத்தனை வெள்ளையாகவா இருந்தது? என் மாம்பழக் கலர் சேலையைக் காணோம். அதே கரையோடு எலுமிச்சை நிறத்தில் ஒன்று பீரோவில் மடித்திருக்கிறது. செண்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுதானக்கா இது" என்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அவள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

உதயன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். மகன் போன் செய்தால் மனசு குளிர வேண்டும். இவன் ஏதாவது ஏற்பாட்டோடுதான் பேசுவான். இந்தத் தடவை டப்பி. சென்னையில் நளினா என்று ஒரு அம்மாள் பழம்பொருட்களைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறவராம். ஆயுத பூஜைக்கு முன்னால் வந்து நம் தொப்பிராஜா டப்பியைப் பார்ப்பாராம். அசல் என்றால் ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கலாமாம், "கொன்றைமங்கலம் ஜமீன்" என்று பெயர் போட்டு.

"அப்புறம் அந்த இடிஞ்ச வீட்ட என்னம்மா கட்டிக் காக்கிறது? நீ இங்க வந்துரு" என்றான்.

"உங்க சித்தி?"

"சித்திக்கு ஏதாவது நல்ல ஹோமா பார்ப்போம்."

நான் பேச்சை மாற்றிவிட்டேன். செண்பகம் என் கொழுந்தன் மனைவி. பிள்ளை இல்லை. பிறந்த வீடு கைமாறிப் போய்விட்டது. மானாமதுரையில் அக்காள் மகள் ஒருத்தி, அவளும் வாடகை வீட்டில் இருக்கிறாள். இந்த வீட்டைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. இரண்டு பேருடைய புருஷன்மாரும் போய்ச் சேர்ந்தபின், ஊர் "அரண்மனை" என்று சொல்கிற இந்த ஒழுகுகிற வீட்டில் நானும் அவளும்தான். ஊருக்கு நான் பெரிய நாச்சியார், அவள் சின்ன நாச்சியார். அடுப்படிக்கு மட்டும் அவள்தான் பெரியவள்.

டப்பியைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற, தங்கத்தில் செய்த மூக்குப்பொடி டப்பி. எந்தக் காலத்திலோ ஒரு கும்பினித் துரை எங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தது. மூடியில் தொப்பி வைத்த ராஜா, பக்கத்தில் கொண்டை போட்ட ராணி. சுற்றி நாலு பக்கமும் பிள்ளைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு முகம். எந்த நாட்டு ராஜா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் செண்பகமும் அந்தப் பிள்ளைகளுக்கு உறவுக்காரர்கள் பேரெல்லாம் வைத்துச் சிரிப்போம். மூக்கு நீண்ட பெண்ணுக்கு எங்கள் நாத்தனார் பேர்.

டப்பி இருக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. மாமனார் ஒரு சாவியை எனக்கும் ஒன்றைச் செண்பகத்துக்கும் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு. "ஒருத்தி மேல ஒருத்திக்கு நம்பிக்கை இல்லாதவரைக்கும் டப்பி பத்திரமா இருக்கும்" என்பார். விவரமான மனுஷர்.

ஆனால் ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கழுத்துச் சங்கிலியில் என் சாவி இருந்தது. செண்பகம் கையில்தான் கொடுத்தேன். கட்டு அவிழ்த்து நான் வீடு வருகிறவரை இரண்டு சாவியும் அவளிடம் இருந்தன. ராத்திரி ஆஸ்பத்திரித் துணைக்கு, வாடகைக் கார் ஓட்டுகிற செல்லையாவின் பெண்டாட்டி இருந்தாள். செண்பகம் அடிக்கடி வீட்டுக்கு வந்து போனாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

செண்பகம் காலை பஸ்ஸில் சிவகங்கை போனாள். என்ன விஷயம் என்று கேட்டால் "சும்மாதானக்கா" என்கிறாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஆகஸ்ட் 22, வியாழன்

அவள் அறைக் கதவு இப்போதெல்லாம் சாத்தியே இருக்கிறது. மத்தியானம் உள்ளிருந்து ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள், கண் கலங்கி மூக்கு சிவந்திருந்தது.

"அழுதியா?"

"இல்லக்கா, தூசி."

கொடியில் அவளுடைய கைக்குட்டைகள் காய்கின்றன. ஓரமெல்லாம் பழுப்புக் கறை. சோப்புக்கும் போகாத கறை. என்ன கறை என்று கேட்டதற்கு டீ என்றாள். டீயைக் கைக்குட்டையில் யார் குடிப்பார்கள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாள். நன்றாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மறுபடி சிவகங்கை. திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு சின்னப் பொட்டலம் செருகியிருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் குளிக்கப் போனபோது அறைக்குள் போனேன். தப்புதான். ஆனால் தப்பு செய்கிறவர்கள் வீட்டில் தப்பு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டலம் அகப்படவில்லை. ஜன்னல் கட்டையில் மாத்திரம் செம்பழுப்பாகக் கொஞ்சம் தூள். விரலால் தொட்டுப் பார்த்தேன், மாவு மாதிரி நயமாக இருந்தது. அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கேயோ பார்த்த தூள். எங்கே?

ஆகஸ்ட் 28, புதன்

ஞாபகம் வந்துவிட்டது. நகைக்கு மெருகு போட ஆசாரிகள் வைத்திருக்கும் பொடி இந்த நிறம்தான்.

செண்பகத்துக்கு மெருகு போட என்ன நகை இருக்கிறது? கழுத்தில் ஒரு இழைச் சங்கிலி, அதுவும் தேய்ந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. பூரணம் வைத்த கொழுக்கட்டை, உப்புக் கொழுக்கட்டை இரண்டும் செய்தாள். உதயனிடம் போனில் ஏதோ மெதுவாகப் பேசினாள். நான் போனதும் "அம்மா வந்துட்டாங்க, பேசு" என்று கொடுத்துவிட்டாள். என்ன பேசினாய் என்று மகனைக் கேட்டேன். "ஒன் கண்ணப் பத்தித்தாம்மா சொன்னாங்க, வெயில்ல கண்ணாடி போட மாட்டேங்கிறியாமே" என்றான். அவனையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது.

இந்த வீட்டில் டப்பி ஒன்றுதான் மிச்சம். வயல் போனது, கிழக்குக் கட்டு இடிந்து போனது, சாரட்டு வண்டியின் சக்கரத்தைக்கூட எவனோ தூக்கிக்கொண்டு போனான். ஆயுத பூஜையன்று ஊரே வரிசையில் நின்று அந்த டப்பியைப் பார்த்துக் கும்பிட்டுச் சுண்டல் வாங்கிப் போகும். அன்றைக்கு ஒருநாள்தான் நான் பெரிய நாச்சியார். மற்ற நாளெல்லாம் முழங்கால் வலிக்காரி.

செப்டம்பர் 10, செவ்வாய்

சிவகங்கை. இந்தத் தடவை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ரசம் மட்டும் இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னேன்: "மழக்காலம் வருது. பெட்டியத் தொறந்து ஒருதரம் தொடச்சு வச்சா என்ன? சென்னைக்காரம்மா வேற வாராங்க."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"பூசைக்குத் தொறந்தாப் போதாதாக்கா? வருசத்துக்கு ஒருக்காத்தான் தொறக்கணும்னு மாமா சொல்லுவாகளே."

"மாமா போயி எத்தன காலமாச்சு?"

"அதுக்கில்ல… நான் வேணா தொடச்சு வச்சுர்றேன். நீங்க சாவியக் குடுங்க. ஒங்களுக்குக் கண்ணுல தூசி விழுகும்."

சாவியைக் கொடுக்க வேண்டுமாம். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தானே வழியில் பயம்? நாளைக்கு வேலாயுத ஆசாரியை வரச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. இந்த ஊரில் தாலிக்குப் பொன் உருக்குகிறவர் அவர்தான், உரைகல்லில் ஒரு கோடு இழுத்தாரென்றால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். பிற்பாடு யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஆசாரி பத்து மணிக்கு வந்தார். அவரைக் கண்டதும் செண்பகத்தின் முகம் செத்துப்போனது. நான் என் பூட்டைத் திறந்தேன், அவள் அவளுடையதைத் திறந்தாள். பட்டுத் துணியைப் பிரித்து டப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் டப்பி மங்கின மஞ்சளாக, பழைய நெய் மாதிரி இருக்கும். இது பளிச்சென்று இருந்தது. கொண்டை ராணியின் உடுப்பு சாம்பல் பச்சையாக இருக்கும், நான் எத்தனை வருஷம் பார்த்தவள். இதில் நல்ல நீலம், நேற்றுத் தீட்டினது போல. ராஜாவின் கன்னம் சிவப்பாக இருந்தது. சாராயம் குடித்தவன் மாதிரி.

மூடியைத் திறந்தேன். உள்ளே எப்போதும் ஒன்றும் இருக்காது, பச்சைக் கற்பூர வாசனை லேசாக அடிக்கும். இன்றைக்குக் குப்பென்று மூக்குப்பொடிக் காரம். எனக்குத் தும்மலே வந்துவிட்டது.

"குடுங்கக்கா, தொடச்சுத் தாரேன்" என்று செண்பகம் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

புதுச் சாமானுக்குப் பழைய வாசனை வரவைக்கத்தானே பொடியைத் தூவுவார்கள்? எனக்குப் புரிந்துபோயிற்று. மெருகுப்பொடி, பொட்டலம், சிவகங்கை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் அடிப்பக்கம் ஒரு ஓரத்தைக் கல்லில் உரசினார், திராவகம் தொட்டு வைத்தார். பிறகு பூவேலை இருந்த இடத்தில் ஒன்று. பிறகு இலை இருந்த இடத்தில், பிறகு விளிம்பில். நாலு கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆசாரி?"

"நாச்சியாரே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரே பொன்னுல செஞ்ச சாமான்னா எங்க ஒரசுனாலும் ஒரே மாத்து, ஒரே தரம்தான் நிக்கணும். இதுல நாலு எடத்துல நாலு மாத்து நிக்குது. பூவுல செம்பு தூக்கலா இருக்கு, எலயில வெள்ளி தூக்கலா இருக்கு. எதுவும் நம்ம ஆபரணத் தங்கத்து அளவுக்கு ஏறல. கெடச்ச துண்டையெல்லாம் போட்டு ஒட்ட வச்ச மாதிரி இருக்கு."

"இது எங்க டப்பியில்ல" என்றேன்.

"அக்கா?"

"நான் கண்ணக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரெண்டு சாவியும் யார் கையில இருந்துச்சு?"

ஆசாரி கல்லைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

"பெட்டியத் தொறந்தியா, இல்லையா?"

"தொறந்தேன்."

"எதுக்கு?"

செண்பகம் ஆசாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவுக போகட்டும், சொல்றேன்" என்றாள் மெதுவாக.

"அவரு முன்னாடியே சொல்லு. ஊருக்குத் தெரியட்டும். எந்தக் கடையில குடுத்த?"

"நான் களவாண்டேன்னா சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்றது?"

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாதி அரிந்திருந்த வாழைக்காயை அரிந்து முடித்தாள். பொரியலும் செய்து வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

செப்டம்பர் 14, சனி

காலையில் எழுந்தபோது செண்பகம் இல்லை. பூஜை மாடத்தில் அவளுடைய சாவி இருந்தது. துணிமணி வைக்கிற பையைக் காணோம். வேறு எதுவும் போகவில்லை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். குற்றம் செய்யாதவள் ஏன் போக வேண்டும்?

செப்டம்பர் 16, திங்கள்

தண்ணீர் மோட்டாருக்கு எந்த சுவிட்சு என்று தெரியவில்லை. மூன்றையும் போட்டுப் பார்த்ததில் வாசல் விளக்கு எரிந்தது. செல்லையாவை வரச்சொல்லிப் போட்டுக்கொண்டேன். வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இந்த வீட்டைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிகிறது.

"சின்ன நாச்சியார் இல்லைங்களா?" என்றான், தெரியாதவன் மாதிரி. ஆசாரி வாயிலிருந்து ஊருக்குப் போய்விட்டது.

"கல்யாணத்துக்குப் போயிருக்கா."

செப்டம்பர் 18, புதன்

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது? சீனிக்கும் உப்புக்கும் ஒரே மாதிரி டப்பா யார் வைப்பார்கள்?

செப்டம்பர் 21, சனி

உதயனிடம் சொல்லிவிட்டேன். போலீசுக்குப் போகலாமா என்றான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கேட்டான். குடும்ப மானம் என்றேன். அது மட்டும் காரணமில்லை, வேறு என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சென்னை அம்மாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். டிக்கெட் எடுத்துவிட்டாராம். வரட்டும், போலியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

நளினா வந்து போனார். சின்ன வயசுதான், நாற்பது இருக்கலாம். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணில் ஒரு லென்சை இடுக்கிக்கொண்டு டப்பியைக் கையில் எடுத்தார். எடுத்ததும் "அய்யோ" என்றார்.

"போலிதானே? எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"போலியா? யாரும்மா இத கல்லுல உரசினது? நாலு இடத்துல கோடு விழுந்திருக்கு."

ஆசாரி சொன்னதை ஒப்பித்தேன். நாலு மாற்று, செம்பு, வெள்ளி. அவர் லென்சை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அம்மா, அவர் பார்த்தது சரி. நாலு மாற்றுதான். இந்த வேலைப்பாடே அப்படித்தான். வெள்ளைக்காரங்க நாட்டுல தங்கத்துலயே வண்ணம் வரவைப்பாங்க. செம்பு கூட்டினா சிவப்பாகும், அதுல பூ. வெள்ளி கூட்டினா பச்ச சாயல் வரும், அதுல இல. இங்க பாருங்க, பூ சிவந்திருக்கு, இல பச்சையா இருக்கு. தாலிக்கு உரசுற மாதிரி இத உரசினா எப்படி? இது நாலு மாற்றா இருக்கிறதாலதான் அசல்."

கடைசித் துரும்பாக ராணியின் உடுப்பைக் காட்டினேன். இது முன்னே நீலமாக இருந்ததில்லை, சாம்பல் பச்சையாக இருந்தது, நான் சத்தியம் செய்வேன் என்றேன்.

"இது நெருப்புல சுட்ட வர்ணம். எரநூறு வருஷமா இதே நீலம்தான் இருந்திருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்களாமே, உங்க மகன் சொன்னார். எங்கம்மாவும் ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல எல்லாத்தையும் மாத்திட்டோம்னு எங்ககூடச் சண்டை போட்டாங்க. புரை இருக்கிறப்ப எல்லாம் மஞ்சளடிச்சுத்தான் தெரியும்."

நான் கட்டியிருந்தது அந்த எலுமிச்சைச் சேலை.

பிறகு அவர் மூடியைத் திறந்து, ஒரு சின்னத் தூரிகையால் கீல் இடுக்கைத் தடவினார். பழுப்பாகக் கொஞ்சம் வந்தது. முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இது ரொம்பப் புதுப் பொடி. சமீபத்துல யாரோ இத நிஜமாவே பயன்படுத்தியிருக்காங்க. எத்தனையோ டப்பி பார்த்திருக்கேன், எல்லாம் கண்ணாடிக்குள்ள செத்துக் கிடக்கும். உங்க வீட்ல யாரு பொடி போடுவாங்க?"

"யாரும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

கைக்குட்டைக் கறை. சிவந்த மூக்கு. சாத்தின கதவு. ஜன்னல் கட்டைத் தூள். இந்த ஊர்க் கடையில் வாங்கினால் சின்ன நாச்சியார் பொடி போடுகிறாள் என்று பஸ் ஸ்டாண்டுவரை பேசுவார்கள் என்று சிவகங்கைக்குப் போயிருக்கிறாள், பைத்தியக்காரி.

நளினா மோர் குடித்துவிட்டுப் போனார். மோரில் நான் சீனியைப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

போவதா வேண்டாமா? போனால் முதலில் என்ன சொல்வது?

செப்டம்பர் 28, சனி

செல்லையா காரில் மானாமதுரை போனேன். செண்பகத்தின் அக்காள் மகள் தமிழரசி கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லாமல் வழிவிட்டாள். ஒரே ஒரு அறை, ஒரு அடுப்படி. செண்பகம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்கக்கா. கண்ணாடி போடாமலா வெயில்ல வந்தீங்க?"

இந்த ஒரு வார்த்தைக்கே நான் உடைந்திருப்பேன். அடக்கிக்கொண்டு, டப்பி அசல் என்றேன், சென்னை அம்மாள் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எத்தன காலமா பொடி போடுற?"

"தலவலிக்குன்னு ஆரம்பிச்சேன். தலவலி போயிருச்சு, இது நிக்கல." லேசாகச் சிரித்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். இதுக்குப்போயி பயந்தேன் பாருங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"ஆசாரி முன்னாடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே மேலே பேசினாள்.

"நான் ஏன் தொறந்தேன்னு கேட்டீங்கள்ல. அன்னைக்கு ஆபரேசனுக்குப் போகும்போது சங்கிலியக் கழத்தி எங்கையில குடுத்தீங்க. தமிழரசி நின்னா, செல்லையா பொண்டாட்டி நின்னா, என்கிட்டத்தான் குடுத்தீங்க. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து, அன்னைக்குத்தான் நான் அந்த வீட்டு மனுசியானேன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து தொறந்தேன். மாமா ஒக்காருவாகள்ல, அந்த நாக்காலியில ஒக்காந்து, ராசா டப்பியில பொடியப் போட்டு, ஒரே ஒரு சிட்டிக எடுத்தேன். சிரிப்புச் சிரிப்பா வந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லணும், சேந்து சிரிக்கணும்னு இருந்தேன். நீங்க வந்ததும் வராததுமா சேலைய எங்கேன்னு கேட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தப்பு என்னுடையது, வீட்டுக்கு வா என்றேன். இதற்குமுன் யாரிடமும் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

"வந்தா? நாளைக்கு ஒரு கரண்டி காணாமப்போகும். நீங்க தேடுவீங்க. தேடும்போது ஒங்க மூஞ்சிய நான் பாக்கணும்."

"சத்தியமா அப்படி நெனக்க மாட்டேன்."

"நெனைக்கிறது நம்ம கையிலயாக்கா இருக்கு?"

கீரையில் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. காரில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 2, புதன்

உதயனிடம் பேசினேன். டப்பி எங்கேயும் போகாது, நானும் வரவில்லை, உன் சித்தியை ஹோம் என்று இனி ஒரு வார்த்தை சொல்லாதே என்றேன். "என்னம்மா ஆச்சு ஒனக்கு?" என்றான். கண் தெளிந்துவிட்டது என்றேன்.

ஆசாரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நான் பொன்னத்தான் நாச்சியாரே சொன்னேன், ஆளச் சொல்லல" என்றார். உண்மைதான். ஆளைச் சொன்னது நான்.

அக்டோபர் 5, சனி

செண்பகத்தின் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். தமிழரசிக்குப் போன் செய்து, ஆயுத பூஜைக்குச் சித்தியை வரச் சொல் என்றேன். "அவங்க இஷ்டம்" என்றாள். துடுக்குக்காரி.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. துரு ஏறின பழைய வாள்களை எல்லாம் துடைத்து வைத்தேன். டப்பியைப் பித்தளைத் தட்டில், பட்டின் மேல் வைத்தேன். சுண்டலில் உப்பு சரியாக இருந்தது. மூன்று தரம் ருசி பார்த்துவிட்டேன்.

ஊர் வரிசையில் நின்றது. வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். களவு போன டப்பியைப் பார்க்க வந்த கூட்டம் என்று எனக்குத் தெரியும். வரிசையின் நடுவில் ஆசாரி நின்றார். அவருக்கு நாலு ஆள் பின்னால் செண்பகம் நின்றாள்.

வீட்டுக்காரி, சமையற்கட்டு வழியாக வரவேண்டியவள், வரிசையில் நின்றாள். எல்லாரும் அவளைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். அவள் நேராக நின்றாள். பக்கத்துத் தூணுக்கடியில் துணிப்பை இருந்தது. பையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பார்த்துவிட்டுப் போகிறவள் பையோடு வருவாளா? இருக்க வந்திருக்கிறாள்.

நான் எழுந்து நின்றேன். முழங்கால் வலித்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "டப்பி அசல். இந்த வீட்ல எந்தக் களவும் போகல. சின்ன நாச்சியார் மேல நான் சொன்னது பொய். தப்பு எம்மேல." ஆசாரி தலையாட்டினார்.

"செண்பகம், நீ எதுக்கு அங்க நிக்கிற? மேல வா. வந்து ஒன் கையால டப்பிக்குப் பூ வையி."

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தேன், அதை மறைக்க முடியாது. ஜனம் விலகி வழிவிட்டது. படியேறி வந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, பூத்தட்டிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்து, டப்பிக்கு வைக்கக் கையை நீட்டினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "வா வா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் இடது கை டப்பி இருந்த தட்டைப் பிடித்து என் பக்கமாக இழுத்தது. ஒரு சாண்கூட இருக்காது. நான் நினைத்துச் செய்யவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. கை போனது, இழுத்தது.

செண்பகம் என் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

அவள் பூவை டப்பிக்கு வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளுக்கு வைத்துக் கும்பிட்டாள். பிறகு மற்றவர்களைப் போலவே இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். நான் சுண்டலைப் போட்டேன்.

"வாரேன், பெரிய நாச்சியாரே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரிச் சொன்னாள். இறங்கிப்போய்த் தூணடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். செல்லையா கார் இருக்கிறது என்று ஏதோ சொன்னான், அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

அடுத்த ஆள் கையை நீட்டினார். அவருக்கும் சுண்டல் போட்டேன், அதற்கு அடுத்தவருக்கும். வரிசை முடிகிறவரைக்கும் அழுதுகொண்டே போட்டேன்.